ஏனோக்கின் மூச்சு

ஏனோக் ஹைதராபாத் மல்காஜ்கிரியில் குடியிருக்கும் ரயில்வே எழுத்தர். நூறு கிலோமீட்டர் பந்தயங்களில் ஓடுபவர். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் ஆராதனையில் சபையாருக்குத் திராட்சரசக் கிண்ணம் ஏந்துவது மட்டும் அவருக்குச் சும்மா இல்லை. அதற்காகவே வருடம் முழுக்கச் சபையில் நாற்காலி அடுக்குவார்.

லெந்து எனும் தவக்கால நாட்களில் கீட்டோன் பானம் குடிக்கத் தொடங்கினார். சாப்பாடில்லாத உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் பொருளையே பாட்டிலில் விற்கிறார்கள், குடித்தால் கால் தளராது என்று கூட ஓடும் கணேஷ்குமார் சொல்லியிருந்தார். குமட்டியது. வாயில் வாடை நின்றது, அழுகிய ஆப்பிளும் நெயில் பாலிஷும் கலந்தாற்போல.

மாதர் சங்கச் செயலாளர் ஜெயசுந்தரி, ஓய்வுபெற்ற நர்ஸ், கைகொடுக்க வந்து பின்வாங்கினார்.

"தம்பி, குடிச்சிருக்கியா?"

"ஹவ் அக்கா, குடிச்சேன். கீட்டோன்."

"புது பிராண்டா?"

சபைக் கமிட்டி கூடியது. மது இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். "சபையார் மூக்குக்கு அது தெரியுமா?" என்றார் போதகர் நோவா. அந்த வாடை உள்ளவர் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்று தீர்மானம். ஏனோக்கின் மனம் புண்படாதிருக்கப் பெயர் போடாமல் 'எவரும்' என்று எழுதினார்கள். முகர்ந்து பார்க்கும் பொறுப்பு ஜெயசுந்தரிக்கு.

பந்தயத்தில் ஏனோக் பாதி வழியில் வாந்தியெடுத்து, போன வருடத்தைவிடத் தாமதமாக வந்து சேர்ந்தார். அதே பானம் குடித்த கணேஷ்குமாருக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்மையும் தெரியவில்லை. ஏனோக் பானத்தை விட்டார். பசி விடவில்லை. பெரிய வியாழனுக்கு முன் சபையே மூன்று நாள் உபவாசம் இருந்தபோது, அவர் ஒளிந்து ஒளிந்து பூரி தின்றார்.

வியாழன் மாலை, ஆராதனைக்கு முன், ஆயத்த அறையில் ஜெயசுந்தரி நின்றார்.

"ஊதுங்க ஐயா."

போதகர் ஊதினார்.

"ஐயா, அதே வாடை."

"கைக்கு? ஏம்மா அப்படி? வெறும் தண்ணிதாம்மா குடிச்சேன்!"

"அதான் ஐயா. பட்டினி கெடந்தா உடம்பே அதைக் காய்ச்சிரும்."

கமிட்டியார் வரிசையாக ஊதினார்கள். அறை அழகு நிலையம்போல மணந்தது. ஜெயசுந்தரி தன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து, தன்னையும் விலக்கினார்.

கடைசியாக ஏனோக் ஊதினார்.

"சுத்தம்."

"அக்கா, நான் உபவாசமே இருக்கலையே."

"தீர்மானம் அதைக் கேக்கல. அங்கியப் போடு."

போதகர் எட்டி நின்று ஜெபம் சொல்லிவிட்டு, முதல் ஆளாக முழங்காலிட்டு வாயைத் திறந்தார். ஏனோக் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சாய்த்தார்.