நிரம்பி வழிந்த கியர்பாக்ஸ்

போன மாதம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. செல்வராஜ் அண்ணனின் டாக்ஸி சௌல்தாரி மேட்டில் ஏற மறுத்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை.

2. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள்.

3. வண்டிக்கு அடியில் சிவப்பாகச் சொட்டுவதைப் பார்த்த ஓர் அம்மாள், கோழி அடிபட்டுவிட்டது என்று கத்தினார்.

4. மர லாரியில் ஏற்றி, போர்ட் பிளேயரில் நான் வேலை பார்க்கும் பஷீர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

5. பாய் என்னைக் கூப்பிட்டார்.

சொட்டியது ரத்தமல்ல, ஆயில். அது ஒரு பழைய அமெரிக்க வண்டி. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்த கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயில் சிவப்பாகத்தான் இருக்கும். மெயின்லாண்டுக்கே திரும்பிவிட்ட ஒரு கான்ட்ராக்டரிடம் அண்ணன் அந்த வண்டியை வாங்கினார்.

இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் முன்பு காட்டில் மரம் ஏற்றும் வேலையில் இருந்தார். உருண்டு வந்த கட்டை ஒன்றினால் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மரக்காலை வைத்துக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியுமா? இந்த வண்டியில் கிளட்சே கிடையாது. எனக்குத் தெரிந்து, இந்தத் தீவில் அவர் ஓட்டக்கூடிய வண்டி இது ஒன்றுதான்.

"தங்கச்சி, ஓட்டை எங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. அதை அடைக்கிற ரப்பர் சீலு கப்பல்ல வரவழைச்சுக்கலாம்" என்றார்.

"அரே, இது ஒழுகுறதைப் பாத்தா சீல் போதாதுய்யா... கூரையே மாத்தணும்" என்றார் பாய்.

கசிவு தேடுவதில் முதல் பாடம் ஒன்று உண்டு. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஆயில் எங்கோ மேலே புறப்படும். உடம்பெல்லாம் வழிந்து, கடைசியில் அடித்தட்டின் ஓரத்தில் வந்து சொட்டும். நாம் அடித்தட்டைத் திட்டிக்கொண்டிருப்போம்!

முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். பிறகு காயவைத்தேன் – இந்த ஊர் மழையில் அதுவே தனி வேலை. காய்ந்ததும் அம்மாவின் முகப்பவுடரை எடுத்து கியர்பாக்ஸ் முழுக்கத் தூவினேன்.

"என்ன இஞ்சினியரம்மா, பொண்ணுக்கு நிக்காஹ் எப்போ?" என்றார் பாய்.

"மாப்பிள்ளை அழுக்காப் பக்கத்துல நிக்கிறாரே பாய். அவரைக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டேன். அடியில் படுத்துப் பார்த்தேன். முன் சீல் காய்ந்திருந்தது. பின் சீலும் காய்ந்திருந்தது. அடித்தட்டின் கேஸ்கெட்டில் ஈரமே இல்லை. ஆனால் வெள்ளைப் பவுடரின்மேல் ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது?

உச்சியில் உள்ள ஒரு சின்னத் துளையிலிருந்து. அது ஓட்டை இல்லை. கியர்பாக்ஸ் மூச்சுவிட, செய்தவர்களே வைத்த வழி.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் குச்சியை உருவினேன். மேல் கோட்டையும் தாண்டி, நெடுந்தூரத்துக்கு ஆயில்... அதுவும் நுரை நுரையாக.

"அண்ணே, ஆயில் எப்போ ஊத்துவீங்க?"

"கப்பல் வர்ற அன்னைக்கு."

"எவ்வளவு?"

"டின்னு காலியாகுற வரைக்கும்."

"குச்சியில கோடு போட்டிருக்கே?"

"கோட்டுக்குக் கீழ போனாத்தானே தப்பு? மேல இருந்தா ஸ்டாக்குதானே! டின்னை வீட்டுல வெச்சா உப்புக்காத்துல துருப்பிடிச்சு ஓட்டையாயிரும். வண்டிக்குள்ள கிடந்தா பத்திரம். நான் சொல்றது டீக் ஹை, சரிதானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார். "போன வருஷம் நெசமாவே கேஸ்கெட் போயி ஒழுகுச்சு. கேஸ்கெட்டை மாத்தியாச்சு, ஊத்த ஆயில் இல்ல. அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் வண்டி நின்னுச்சு. வீட்டுல அடுப்பும் நின்னுச்சு. அந்தப் பயம், தங்கச்சி."

எப்படிக் குறை சொல்வது? கப்பல் வந்த அன்று நம்மில் யார்தான் சும்மா இருக்கிறோம்? அரிசி டிரம், மண்ணெண்ணெய் டின், வெங்காயக் கூடை – எல்லாம் விளிம்புவரை. இல்லாமல் போவதுதான் இங்கே நாம் அறிந்த ஒரே ஆபத்து. கூடிப்போவதும் ஆபத்தாகலாம் என்று இந்தத் தீவில் நமக்கு யார் சொன்னார்கள்?

அதிகமான ஆயிலை உள்ளே சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். நுரை பொங்கி மூச்சுத் துளை வழியே வெளியே வரும். அண்ணன் சொட்டைப் பார்ப்பார். பதறிப்போய் இன்னும் ஊற்றுவார். அதனால் இன்னும் பொங்கும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. அழுத்தம் இல்லாவிட்டால், இன்ஜினின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்காது. வழுக்கும், சூடாகும், கருகும்.

அடித்தட்டைக் கழற்றினேன். தீய்ந்த வாடை அடித்தது. தட்டின் அடியில் கறுப்புத் தூள், கருகிய தகடுகளுடையது.

அண்ணன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ ஓட்டையே இல்லையா?"

"இல்லைண்ணே."

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஓட்டை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றார்.

ஆமாம். இருந்திருந்தால் அடைத்திருப்பேன்.

கெட்டுப்போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கவனிக்காமல் விட்டதால் கெட்டவை. இதைக் கெடுத்தது கவனிப்பு. என் மனசு ஆறாததற்கு அதுதான் காரணம்.

புதுத் தகடுகள் கேட்டு மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் தந்தி அடித்தோம். ஒரு கடையிலிருந்து 'கிடைக்காது' என்று பதில் வந்தது. இன்னொரு கடையிலிருந்து பதிலே வரவில்லை. ஒரு பழைய ஜீப்பின் கியர்பாக்ஸைப் பொருத்திவிடலாம் என்கிறார் பாய். பொருத்தலாம்தான். ஆனால் அதற்குக் கிளட்ச் உண்டு. வண்டி ஓடும், ஓட்டுகிறவர் வேறு யாராவதாக இருப்பார். அண்ணனிடம் பாய் இதை இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைய நிலவரம்: வண்டி ஷெட்டில் நிற்கிறது. தகடுகள் வரவில்லை. கப்பல் வரும் நாட்களில் அண்ணன் சௌல்தாரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பார்த்துவிட்டுப் போகிறார்.