உள்ளேயிருந்து எடுத்த படங்கள்

தரையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, வாஷிங்மெஷினின் வட்ட வாய்க்குள் வலது கையை முழங்கைக்கு மேல் வரை விட்டிருக்கிறார் மெக்கானிக். கையில் செல்போன். அதை டிரம்மின் பின்சுவரில் சாய்த்து வைத்து, விளக்கைப் போட்டுவிட்டு, கையை உருவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார். போன் ஐந்து விநாடிக்கு ஒரு படம் என்று தானாக எடுத்துக்கொண்டிருக்கும். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து குனிவார்கள்.

"மெஷின் வாயைத் திறந்து வெச்சா எட்டிப் பாக்காத ஆள நான் பாத்ததில்லைங்க. உள்ள என்னமோ எழுதி வெச்சிருக்கிற மாதிரி பாப்பாங்க" என்பார்.

ஆரம்பத்தில் இது தொழிலுக்காகத்தான். டிரம்முக்குள் தலையை விட்டால் வெளிச்சம் போகாது. வெளிச்சத்தை விட்டால் தலை போகாது. எந்த இடத்தில் விரிசல், எந்தத் துளையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்கப் போனை உள்ளே வைத்துப் படம் எடுப்பார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அப்படி எடுத்த படத்தில் விரிசலோடு ஒரு முகமும் விழுந்திருந்தது. அந்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, கீழுதட்டைப் பிதுக்கி, பெற்ற பிள்ளைக்கு ஆபரேஷன் நடப்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார். மெக்கானிக் விரிசலைச் சரிசெய்தார். படத்தை அழிக்க மனசு வரவில்லை.

இப்போது போனில் அறுபது சொச்சம் முகங்கள். எல்லாப் படமும் ஒரே அமைப்பு: சுற்றிலும் டிரம்மின் துளைகள் மினுங்கும், நடுவில், வட்டத்துக்குள் ஒரு மனுஷ முகம். சிலர் கவலையோடு, சிலர் குற்ற உணர்ச்சியோடு. அளவுக்கு மேல் துணி போட்டவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்.

வயது நாற்பத்தாறு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மெஷினைப் பார்க்க மாட்டார். நேரே பால்கனிக்குப் போய்த் துணிக்கொடியைப் பார்ப்பார். "கொடியைப் பாத்தாலே வியாதி தெரிஞ்சிடும்." மெஷினைப் பற்றிப் பேசும்போது அதை ஆளாகவே பாவிப்பார்: "அவரு ரெண்டு நாளா மூச்சு விடல", "அவருக்குத் தண்ணி எறங்கல". அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும். "எங்க வீட்டு மெஷின் நின்னு நாலு மாசம் ஆச்சு. மெக்கானிக் இந்தா வர்றேன், அந்தா வர்றேன்கிறாரு. ஆளத்தான் காணோம்."

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மட்டும் அவர் எந்த வீட்டுக்கும் போவதில்லை. மருந்துக்கடை மாடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, நான்கு பேர் கூடுவார்கள்: மருந்துக்கடைக்காரர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு பேக்கரிக்காரர், இவர். அந்த மாதம் எடுத்ததில் தனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்றே ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். பென்டிரைவில் ஏற்றி, பழைய டிவியில் போட்டுக் காட்டுவார்கள். எடுத்தவர் முதல் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள்தான் பேச வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது டீச்சர். காரணம் மருந்துக்கடைக்காரர்: படம் வருவதற்கு முன்பே அவரிடமிருந்து விளக்கம் வந்துவிடும். அவரிடம் கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருக்கிறது; அதில் பறவைகளை எடுக்கிறார், அல்லது எடுப்பதாகச் சொல்கிறார்.

"படத்துல பறவை எங்க சார்?" என்று டீச்சர் ஒரு ஞாயிறு கேட்டார்.

ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "அந்தக் கிளை ஆடிக்கிட்டிருக்கு பாருங்க. இப்பதான் பறந்துச்சு."

அன்றைக்கு மெக்கானிக் கொண்டுபோன படத்தைப் போட்டதும் மூவரும் டிவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வட்டத்துக்குள் இரண்டு முகங்கள். பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். மூன்று வாரமாக அவர்கள் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது. உன் ஹேர்பின்தான் என்று அவரும், உங்கள் சட்டைப் பித்தான்தான் என்று அந்த அம்மாவும் மூன்று வாரமாகச் சண்டை. மெக்கானிக் வளைந்த கம்பியை விட்டு இழுத்தபோது மெஷின் வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் அடியிலிருந்து வந்தது ஒரு சின்ன எவர்சில்வர் சீப்பு. மீசைச் சீப்பு. அவர் மீசையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது.

"மீசையை எடுத்தாச்சு, சீப்பை மட்டும் பாக்கெட்டுல வெச்சு யாருக்குங்க சீவுறீங்க?" என்று அந்த அம்மா கேட்டாராம். படத்தில் அவர், பழக்க தோஷத்தில், இல்லாத மீசைக்குச் சீப்பைக் கொண்டுபோகிறார். பக்கத்தில் அந்த அம்மா வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார் இது" என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக. யார் படத்துக்கும் அவர் அதற்கு மேல் பாராட்டியதில்லை.

டீச்சர் வழக்கமாக விரலால் திரையை மூன்றாகப் பிரித்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்வார். அன்று விரலைத் தூக்கினார், பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் எழுந்தே விட்டார். லைப்ரரி வாசல் சுவரில் ஒரு வாரம் படங்களை மாட்ட அனுமதி கிடைத்திருக்கிறது, இதைப் பெரிதாக அச்சடித்து நடுவில் வைப்போம் என்றார். மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது.

பேக்கரிக்காரர்தான் கேட்டார். "அவங்களுக்குத் தெரியுமா அண்ணே, நீங்க எடுத்தது?"

ஐந்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் மெக்கானிக் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அறுபது சொச்சம் பேரில் ஒருவரையும் அவர் கேட்டதில்லை. நம்பிக் கதவைத் திறந்து, துவைக்கும் இடம் வரை விட்ட வீடுகள். ரிப்பேர் என்று போனவர் முகத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது உறுத்தியது. விஷயம் வெளியே தெரிந்தால் இனி யார் கூப்பிடுவார்கள் என்று பயமும் வந்தது.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். "ரிப்பேர் இல்லைங்க, ஒரு விஷயம் கேக்கணும்" என்று வாசலிலேயே நின்று படத்தைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். பேங்க் மேனேஜர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு கவலையா இருந்துச்சா? என்ன மெஷினுக்கா?" என்று கேட்டு, மகளுக்கு அனுப்பச் சொன்னார். ஒருத்தி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வருகிறேன், இன்னொன்று எடுங்கள் என்றாள். ஒருவர் கோபப்பட்டார், அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தப்புதாங்க என்றார் மெக்கானிக். இன்னொரு அம்மாள் படத்தை அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்து, "கவலைப்பட்டா நான் எங்க அக்கா மாதிரியே இருக்கேன்பா" என்று சந்தோஷப்பட்டார்.

சீப்பு வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். போனபோது அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். மெக்கானிக் படத்தைக் காட்டி, லைப்ரரிச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். கணவரும் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நான் சிரிச்சா கையை வெச்சு மறைச்சுப்பேன் தம்பி. இந்தப் பக்கம் ரெண்டு பல்லு இல்ல. இதுல கையே இல்லையே."

"இருக்கட்டுமே, நல்லாத்தானே இருக்கே" என்றார் கணவர்.

"உங்களுக்கு நல்லா இருக்கும். ஊருக்குக் காட்ட வேண்டாம். அழிச்சிடுங்க தம்பி."

அந்தப் படத்தில் எது உயிரோ, அதையேதான் அந்த அம்மா வேண்டாம் என்கிறார். மெக்கானிக்குக்கு அது புரிந்தது. ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அழிக்கும் முன், "இருங்க" என்று போனை வாங்கி, அந்த அம்மா இன்னொரு முறை பார்த்தார். கணவரிடமும் காட்டினார். "பாத்துக்கோங்க."

"எனக்கு அதுல ஒரு காப்பி இருக்கட்டுமே" என்றார் அவர்.

"உங்களுக்கு எதுக்கு? நான்தான் நேர்லயே இருக்கேனே."

மெக்கானிக் படத்தை அழித்தார். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்துக்கும் போய், அங்கேயும் அழித்து, திரையைக் காட்டினார். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "மெஷின் மறுபடி சத்தம் போட்டா நீங்கதான் வரணும். வேற ஆளுக்குச் சொல்ல மாட்டேன்."

பைக்கில் ஏறி உட்கார்ந்தவர் உடனே கிளம்பவில்லை. போனை எடுத்தார். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் படம் இருந்த இடத்தைத் தேடியது. அங்கே இப்போது இன்னொரு வீட்டுத் தண்ணீர்க் குழாய் இருந்தது. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு, டிவியில் செருகிய பென்டிரைவிலிருந்தும் அழிக்கச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "அழிச்சாச்சு" என்று பதில் வந்தது.

அடுத்த முதல் ஞாயிறு. மருந்துக்கடைக்காரர் ஒரு மீன்கொத்தியை, முழுசாக, கிளையில் உட்கார்ந்த நிலையில் கொண்டுவந்திருந்தார். அது தூங்கிக்கொண்டிருந்ததால்தான் கிடைத்தது என்று டீச்சர் சொன்னார். பேக்கரிக்காரர் அடுப்புக் கதவைத் திறந்த கணத்தின் வெளிச்சத்தைக் காட்டினார். மெக்கானிக்கின் முறை வந்தது. "எங்கிட்ட இந்த மாசம் ஒண்ணும் இல்லைங்க" என்று நடந்ததைச் சொன்னார்.

டிவி கறுப்பாகக் கிடந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"அவரு சீப்பை இடது கையிலதான வெச்சிருந்தாரு?" என்று பேக்கரிக்காரர் தொடங்கினார்.

"வலது கை" என்றார் டீச்சர். "இடது கை அந்தம்மா தோள்ல இருந்துச்சு."

"தோள்லயா? எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே."

"அந்தம்மா கண்ணாடி நெத்திக்கு ஏறியிருந்துச்சு. அது நிச்சயம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அழிந்துபோன ஒரு படத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். இருக்கிற படங்களுக்கு அவ்வளவு பேசியதில்லை. மெக்கானிக் ஐந்து நிமிஷச் சட்டத்தைத் தானாகவே நீட்டித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீத் தட்டோடு மாடியேறி வந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி பாதியில் நின்றார். "எந்தப் படம்? எனக்குக் காட்டவே இல்லையே. எப்படி இருந்துச்சு?"

மூவரும் ஒரே நேரத்தில் சொல்லப்போனார்கள். மெக்கானிக் எழுந்தார். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்நுனிகளைச் சேர்த்து ஒரு வட்டம் பிடித்தார். அந்த வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்து, முதலில் இடது பக்கம் சாய்ந்து, மேலுதட்டை நீட்டி, இல்லாத மீசையைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். பிறகு ஓர் அடி நகர்ந்து, வலது பக்கம் சாய்ந்து, வாய் கொள்ளாமல் சிரித்தார்.