தீயை அணைத்த கைக்கு விசாரணை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி வெயிலில் நடந்தது இது. தெமோதரைக்கும் பதுளைக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டித்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள். அந்த வருடம் மழை பொய்த்து, சரிவு முழுக்க மானாப்புல் காய்ந்து கிடந்தது. ஒரு மத்தியானம் பற்றிக்கொண்டது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாங்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, ஓடையில் நனைத்து, அடி அடியென்று அடித்தோம். தண்டவாளத்துக்கு அடியில் சிலிப்பர் கட்டைகள் எரியத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் தீக்குள்ளேயே இறங்கிவிட்டார். தீ அடங்கியபோது அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன.

மறுநாள் ஒரு ரயில்வே அதிகாரி வந்தார். எரிந்த கட்டைகளைப் படம் எடுத்தார். பிறகு லயத்துக்கு வந்து என் வீட்டுக்காரருடைய கைக்கட்டைப் பார்த்தார்.

"நெருப்பு வச்சவனுக்குத்தான் கை இப்படி வேகும். பொலிசுக்கு வா."

நல்லதுக்குக் காலமில்லை என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். 

"நாங்க அணைக்காட்டி உங்க ரயில் ரோடே இருந்திருக்காதுங்க ஐயா!" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பரா வீடுகளின் பெண்கள் கருகிய படங்குகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாதை சரியாகும் வரை இவர் பொலிசுக்கு நடையாய் நடந்தார். சோற்றைக்கூட நான்தான் ஊட்டினேன்.

ஒரு காலையில் மாவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு முதல் கூட்ஸ் ரயில் வந்தது. அதைப் பார்க்க அதே அதிகாரியும் வந்திருந்தார். விசாரணை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"ரயில்தான் ஓடுதே, இனி என்ன? போ, போ."

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால், இவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி டிரைவருக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறார்!

"எதுக்குங்க கையக் காட்டுறீங்க?" என்று இவர் மேலேயே பாய்ந்தேன்.

"ரயில் என்ன புள்ள பண்ணுச்சு? நம்ம கடைக்குத்தானே மாவு கொண்டு போகுது" என்றார்.

எனக்கு அந்த மனசு இல்லை. இவருக்கு இன்னும் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. எரிந்த கட்டைகளை எல்லாம் மாற்றியவர்களுக்கு, 'தப்பாகச் சொல்லிவிட்டோம்' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கூட்ஸ் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கோபம் எனக்குள் எரிகிறது. அதை மட்டும் நான் அணைக்கப் போவதில்லை.