ஆளித் தீவும் மோட்டார் போட்டும்

"சுண்ணாம்பு பூசத் தெரியும்லா? அது போதும். கடல நான் பாத்துக்கிடுதேன்."

இப்படிச் சொல்லித்தான் தூத்துக்குடி முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். யுத்தம் முடிந்த சமயம். சங்கரன்கோவிலில் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

வேலை ஒரு தீவில். ஆளி என்கிற, தின்னக்கூடிய சிப்பியை வளர்ப்பது தொழில். நாட்டு ஓடுகளில் சுண்ணாம்பு பூசி ஆழமில்லாத தண்ணீரில் அடுக்குவோம். குஞ்சுகள் வந்து ஒட்டும். கொஞ்சம் வளர்ந்ததும் பெயர்த்துக் கம்பித் தட்டுகளில் போடுவோம். பெரிதானால் கூடையில் அடுக்கி, நனைந்த சாக்கால் மூடி, ரயிலில் சென்னை ஹோட்டல்களுக்கு அனுப்புவோம். துரைமார் பச்சையாகவே விழுங்குவார்களாம். நானும் ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தேன். இதைத் தின்பவர்கள் நம்மை எப்படி ஆண்டார்களோ தெரியவில்லை.

முதலில் நாலே தட்டுகள். வேலையாட்கள் தூத்துக்குடியிலிருந்து படகுக்காரன் சூசையின் பாய்ப்படகில் வருவார்கள். எதிர்க்காற்று அடித்தால் திரும்ப முடியாமல் தங்கிவிடுவார்கள். சேர்ந்து பொங்குவோம், சண்டை போடுவோம். அவர்கள் போனபின் காவலுக்கு நான் மட்டும். பேச ஆளில்லாமல், குஞ்சுகளைத் தின்ன வரும் நண்டுகளை வைதுகொண்டிருப்பேன்.

"இன்னொரு ஆளப் போடுங்க மொதலாளி" என்று பலமுறை கேட்டேன்.

"தொழிலு பெருகட்டும்லே, போடுதேன்."

என் மகள் பிறந்தபோது ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். மறுவருஷம் எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா அன்று அவளுக்குக் காது குத்துவதாக முடிவாயிற்று. ஆடிக் காற்று பாய்ப்படகை விடாது. அந்த நாட்களில் கூடைகளும் தீவிலேயே கிடந்து நாறும். அதைக் காட்டி, மோட்டார் போட் ஒன்று வாங்கச் சொல்லி முதலாளியை அரித்தெடுத்தேன். வாங்கினார். சூசை அதற்கு டிரைவர் ஆனான்.

தொழில் பெருகிற்று. தீவின் ஒரு பக்கம் முழுக்கத் தட்டுகள். ஆட்கள் காலையில் வந்து சாயங்காலமே வீடு போனார்கள். மோட்டார் இருக்கும்போது தங்குவானேன்? எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாமல் போயிற்று.

தபசுக்கு முந்தின நாள் துணிமூட்டையோடு போட்டில் ஏறி உட்கார்ந்தேன். முதலாளியும் வந்திருந்தார்.

"எங்கலே?"

"பிள்ளைக்குக் காது குத்து. முன்னமே சொன்னேன்லா."

"இம்புட்டுச் சரக்கையும் போட்டுட்டா? முன்னன்னா நாலு தட்டு. எவன் களவாங்கப் போறான்? இப்ப அப்படியாலே?"

"ஆளு போடுதேன்னியளே, மொதலாளி."

"வெளியாள நம்பி விட முடியுமா? எறங்கு."

சூசை என் முகத்தைப் பார்க்கவில்லை. "எறங்கும் வே. கூடைய ஏத்தணும், ரயிலு போயிரும்" என்றான்.

இறங்கினேன். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் ஆட்கள் போனபின் ராத்திரி முழுக்க ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசினேன். அழுகை நிற்கவில்லை. துடைத்துவிடவும் யாருமில்லை, பார்த்துச் சிரிக்கவும் யாருமில்லை.

தீபாவளிக்கு முதலாளியின் மச்சினன் காவல் இருக்க, ஊருக்குப் போனேன். மகள் காதில் கம்மல் போட்டிருந்தாள். தூக்கப் போனதும் அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"ஏட்டி, அப்பா பாரு" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மகள் திரும்பவே இல்லை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தொழில் பெருகட்டும் என்று முதலாளி சொன்னால், பெருகினால் எனக்கு என்ன என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நான் அவரிடம் ஓர் ஆளைக் கேட்டேன், ஒரு படகையும் கேட்டேன். அவருக்கு லாபமானது மட்டும் வந்து சேர்ந்தது.