பத்தாம் நாள் விழும் தட்டு

குழந்தைகள் வார்டில் அந்த நர்சுக்குத் தட்டக்கா என்று பெயர். மருந்து வைக்கும் எவர்சில்வர் தட்டைக் கீழே போடாத வாரமே கிடையாது. புது டாக்டர்கள் முறைப்பார்கள். வார்டைப் பெருக்கித் துடைக்கிற எனக்குத் தெரியும், அது தானாக நழுவுவதில்லை.

ஏழாம் கட்டிலுக்கு ஒரு சைக்கிள் மெக்கானிக்கின் பையன் வந்தான். மூன்று வயது. அனலாய்க் காய்ச்சல், விறைத்த கழுத்து, வலிப்பு. முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் அப்பன்காரர் குதித்தார்.

"முதுகுல குத்தினா கால் விளங்காம போயிடுமாமே!"

"சொன்னவங்க யாராவது இங்க வந்து நிக்கிறாங்களா? கையெழுத்தைப் போடுங்க," என்று பேனாவை நீட்டினார் தட்டக்கா.

நீர் கலங்கலாக வந்தது. மூளையைச் சுற்றிய உறையில் கிருமி. பத்து நாள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக், வேளை தவறக் கூடாது. நாலாம் நாளே பையன் எழுந்து பிஸ்கட்டுக்குக் கை நீட்டினான். அவ்வளவுதான், வீட்டுக்கு விடுங்கள் என்று மெக்கானிக் உயிரை வாங்கினார். தட்டக்கா அவரை அதட்டி உட்காரவைத்து, நின்று நின்று வீங்கிய காலோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். பார்க்கவே எனக்கு அலுப்பாக இருந்தது.

"சரியாயிட்டான் சிஸ்டர். ஆனா கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறதில்ல. செல்லம் குடுத்துக் கெடுத்துட்டோம்," என்றார் மெக்கானிக் ஒன்பதாம் நாள். தட்டக்கா பையனையே உற்றுப் பார்த்தார்.

மறுநாள் காலை பையனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். தட்டு விழுந்தது. மெக்கானிக் துள்ளி எழுந்தார். எட்டாம் கட்டில் குழந்தை வீறிட்டது. பையன் பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

தட்டக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பையனுக்குக் காது கேக்கலைங்க. இந்தக் காய்ச்சல் சில பிள்ளைங்களுக்கு இப்படிப் பண்ணிடும். டாக்டர்கிட்ட சொல்றேன், இன்னைக்கே டெஸ்ட் எடுத்துடலாம். சீக்கிரம் பாத்தா கருவி வெக்க வழியிருக்கு. நாள் கடத்தக் கூடாது."

மெக்கானிக் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ... திமிருன்னு நெனச்சு நேத்து முதுகுல ஒண்ணு வெச்சுட்டேனே!"

"ஒண்ணுதானே," என்றார் தட்டக்கா. "என் பொண்ணுக்கும் இதே காய்ச்சல்தான் வந்துது. நர்சா இருந்தும் எனக்குத் தெரியல. ஒரு வருஷம் அடிச்சேன்."