சாப்பாட்டு அறையில் ஓர் இழவுக் காகிதம்

இழவுக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே மாட்டி வைத்திருந்தார்கள். வெள்ளை அடிப்பதற்காக அதைக் கழற்றியவன், கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன்.

நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். குடியிருப்பது சென்ட் லோரன்டில். அந்த வீடு மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, தனி ஆள். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். விற்பதற்கு முன் எல்லா அறைகளுக்கும் வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தார். நான் அவரை மேடம் என்று கூப்பிடுவேன். ஆங்கிலக்காரர். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், பேச்சுக்குப் போதாது. அது எனக்கு ஒரு வசதி. தமிழிலும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

அது இழவுக் காகிதம் என்று வாசிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பழுப்பேறிய ஒற்றைத் தாள். புள்ளி இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் எழுதிய தமிழ். மேலே பிள்ளையார் சுழி இல்லை. நலம், நலமறிய ஆவல் என்ற பேச்சும் இல்லை.

நான் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனாலும் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இந்தியாவிலிருந்து பெரியவர்களுக்கு வரும் கடிதங்களை நான் வாசித்துக் காட்டுவேன். ஒருமுறை சுழி இல்லாத கடிதம் ஒன்றை வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். என் அம்மா பாய்ந்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள். "வெளிய வாடா! இழவுக் காயிதத்த ஊட்டுக்குள்ள வச்சா வாசிக்கிற?" என்று இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடைக் கானோரத்தில் நிறுத்தினாள். இழவுச் செய்தியை வாசலுக்கு வெளியே நின்றுதான் வாசிக்க வேண்டும். வாசித்ததும் கிழித்துவிட வேண்டும். தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கிழிக்காத இழவுக் காகிதம் ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மேடம் தேநீரோடு உள்ளே வந்தார். நான் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்தார்.

"அழகு, இல்லையா? கொடி படர்ந்த மாதிரி. இது உங்கள் மொழியா?"

தலையை ஆட்டினேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். தன் பாட்டியின் தாத்தா இளைஞனாக இருந்தபோது சிலோனில் துரையாக இருந்து கோப்பித் தோட்டம் பார்த்தவர் என்றார். அவர் தன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மேடம் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து அத்தனையையும் டைப் செய்து முடித்திருக்கிறார். இந்தத் தாள் அந்தக் கடிதங்களில் ஒன்றுக்குள் மடித்து வந்ததாம். தோட்டத்து ஆள் எவனோ எழுதிய பாட்டாக இருக்கும் என்று குடும்பத்தில் சொல்லுவார்களாம். வெள்ளிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் பாதுகாத்து வைக்க எடுத்துப் போகிறாள்.

"கூடவே ஒரு அட்டை வைக்க வேண்டும். இது என்னவென்று இரண்டு வரி சொல்லுங்கள், போதும்."

அன்று செவ்வாய்க்கிழமை. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தரையில் விரிக்கிற பழுப்புத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, பென்சிலால் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் மதிய இடைவேளை அதிலேயே போனது. புள்ளியை நானே வைத்து, சொல்லை நானே பிரித்தேன். புதன்கிழமை அதை முழுதாக வாசித்தபோது சாண்ட்விச்சைப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

முதலில் மகனின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. பிறகு இப்படி இருந்தது:

உன் தாயார் சொல்லி எழுதுவது. அமாவாசைக்கு மறுநாள் விடியக்காலம் உன் தகப்பனார் காலமாகிப் போனார். மூன்று நாள் உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தார். உன் சித்தப்பன் மகன் கொள்ளி வைத்தான். நீ வந்துதான் கருமாதி என்று பங்காளிகளிடத்தில் சொல்லிவிட்டேன். துரையவர்கள் காலில் விழுந்து உத்தரவு கேட்டுக்கொண்டு வா. உத்தரவு இல்லையானால் அங்கே ஓடுகிற தண்ணீரில் தலை முழுகி எள்ளும் தண்ணீரும் இறைத்து, இறைத்தேன் என்று வருகிறவர்களிடத்தில் சொல்லி அனுப்பு. அந்தச் சொல் வருகிற மட்டும் என் கழுத்துத் தாலியை வாங்க விடமாட்டேன்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அந்தப் பழுப்புத் தாள் என் கையில் சுருட்டியபடி இருந்தது. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு கார்தெரியில், சிறுபிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறாள். கதவைத் திறந்தவள் கண் நேரே கைக்குத்தான் போனது.

"என்னப்பா சுருட்டிக்கொண்டு வாறியள்?"

"ஒரு கடுதாசி. ரொம்பப் பழசு. பாத்து எழுதிக்கிட்டு வந்தேன்."

"ஆற்றை கடிதம்?"

"ஒரு அம்மா மகனுக்கு எழுதினது. அப்பா செத்த சேதி."

கதவைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "நில்லுங்கோ! உள்ளுக்கை கால் வையாதேங்கோ. செத்தவீட்டுக் கடிதத்தை ஆரும் வீட்டுக்கை கொண்டு வருவினமே? உங்கட தோட்டத்திலை இதுகள் ஒண்டும் பாக்கிறேல்லையோ?"

"எங்க தோட்டத்துலதாம்மா ரொம்பப் பாப்பாங்க. இது நான் எழுதினதுதானே."

"ஆர் எழுதினாலும் செத்தவர் செத்தவர்தானே."

இரண்டு பேரும் கீழே இறங்கி, கட்டிடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனோம். நான் வாசித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன்.

"பெடியன் போனவனோ?"

"தெரியலையே."

"போயிருக்க மாட்டான். அவன்ரை கையிலை கிடைச்சிருந்தால் இது எப்பிடியப்பா கனடாவிலை வந்து சுவரிலை தொங்கும்?"

இரண்டு நாளாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. கிடைத்திருந்தால் அவன் கிழித்திருப்பான். கிழியாமல் இருப்பதுதான் சாட்சி.

"அந்த மனிசி தாலியோடையே செத்திருப்பா, பாவம்," என்றாள். என் கையிலிருந்து தாளை வாங்கி நான்காகக் கிழித்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு அந்தக் கிழவியிட்டைச் சொல்லுவியளோ? இல்லாட்டி வழக்கம்போலை தலையை ஆட்டிப்போட்டு வருவியளோ?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் தலையாட்டி. வெள்ளிக்கிழமை பெட்டி போய்விடும். அட்டையில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் இனி அந்தத் தாளைப் பற்றி உலகம் தெரிந்துகொள்ளப் போவது. பாட்டு என்று எழுதினால் பாட்டுதான். அதை வாசித்த ஒரே ஆள் நான்.

வியாழக்கிழமை காலை வேலை உடுப்பு மாற்றுவதற்கு முன்பே, சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் பேச்சு வராது என்று தெரியும். "மேடம், பாட்டு இல்லை. தாய் எழுதினாள். அப்பா இறந்தார், வா என்று எழுதினாள். மகனுக்குக் கிடைக்கவில்லை." தாலியைப் பற்றிச் சொல்லத்தான் நேரம் எடுத்தது. அந்தச் செய்தி வரும்வரை அவள் விதவை ஆக மறுத்தாள் என்று கடைசியில் ஒருவாறு விளங்கப்படுத்தினேன்.

மேடம் கையிலிருந்த கரண்டியை வைத்தார். போய் டைப் செய்த தாள்களைக் கொண்டுவந்து தேடினார். ஒரு பக்கத்தை மெதுவாக, எனக்குப் புரியும்படி வாசித்தார்.

கோப்பித் தோட்டம் பார்த்த அந்த இளைஞன் தன் தாயிடம் கோபித்திருந்தான். உங்கள் கடிதம் மூன்று வாரம் பிந்தி வந்தது, பைத்தியம் பிடித்தவன் போல் தினமும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கொண்டு வந்தவனை அடிக்கப் போனேன் என்று எழுதியிருந்தான். பிறகு மழை, நாய், உப்புக் கூடிய வெண்ணெய். பிறகு, எங்கள் ஆள் ஒருவனின் தாள் ஒன்று இதில் வைத்திருக்கிறேன், இவர்களின் எழுத்து எவ்வளவு விசித்திரம் பாருங்கள் என்று. அதற்குக் கீழே, கோப்பிப் பழம் பறித்து முடியும்வரை ஆட்களுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் மேசைக்குள் பூட்டி வைக்கிறேன், கொடுத்தால் பாதிப்பேர் ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்று.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முந்தின மாலை அடித்த பெயின்ட், முழுதும் காயவில்லை. கை பதிந்துவிட்டது.

"அவனுக்கு இருபத்து மூன்று வயது," என்றார் மேடம். "தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன செய்தி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?"

நான் கையைத் துணியில் துடைத்தேன்.

"அட்டையில் ஒரு தாயின் கடிதம், மகனைச் சென்றடையவில்லை என்று எழுதுகிறேன். அது உண்மைதானே?"

உண்மைதான். கடலில் கப்பல் மூழ்கினாலும் கடிதம் சென்றடையாது. "மேடம்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவர் கொடுக்கவில்லை. அப்படி எழுதுங்கள்."

அவர் முகம் சிவந்தது. "அவர் என் குடும்பம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று தேநீர் வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று கைத்தடத்தின் மேல் திரும்பவும் உருளையை ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை போனபோது அவர் சாப்பாட்டு மேசையில் அதே தாள்களோடு உட்கார்ந்திருந்தார். தூங்கின முகம் இல்லை. உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"இது அதற்கு அடுத்த கடிதம்," என்று வாசித்தார்.

பழம் பறித்து முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்குக் கடிதங்களைக் கொடுத்தேன். அன்று முழுதும் பெண்கள் வட்டமாக நின்று மார்பில் அடித்துக்கொண்டு பாடினார்கள், தலைவலி வந்துவிட்டது. ஒருவன் மட்டும் போகாமல் நின்று தனக்கு ஒன்றும் இல்லையா என்று இரண்டு முறை கேட்டான். அவனுடையது உங்கள் வரவேற்பறையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றேன். போய்விட்டான்.

மேடம் அந்தப் பக்கத்தின் அடியைத் திருப்பிக் காட்டினார். பெண்கள் பாடியதற்கு அவரே ஒரு குறிப்புப் போட்டிருந்தார். அறுவடைத் திருவிழா என்று.

"மேடம், அது ஒப்பாரி. செத்தவர்களுக்கு அழுவது."

"இப்போது தெரிகிறது," என்றார். "இதை நான்தான் டைப் செய்தேன். அவன் வந்து கேட்டு நின்ற இடத்தில் சிரித்தேன்கூட. தாளைத் தாய்க்கு அனுப்பிவிட்டு விழித்துக்கொண்டு நிற்கிறானே எங்கள் பையன் என்று. என் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த மேசையில்."

எனக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு முறை கேட்டவன் எந்த லயத்துக்குத் திரும்பிப் போனானோ. ஊரில் தகப்பன் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டு எத்தனை வருடம் மலையில் இருந்தானோ.

மேடம் சட்டத்தின் பின்பக்கத்தைத் தானே கத்தியால் நெம்பித் தாளை வெளியே எடுத்தார். "இப்படிப்பட்ட கடிதத்தை உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?"

சொன்னேன். வெளியே நின்று வாசிக்க வேண்டும், பிறகு கிழிக்க வேண்டும் என்று.

அவர் கோட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் முன்வாசல் படிக்கு வெளியே போய் நின்றோம். காற்று தண்ணீரிலிருந்து வந்தது. நான் தமிழிலேயே வாசித்தேன், மகனின் பெயரிலிருந்து கடைசிக் கோடு வரை. அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, ஆனால் அசையாமல் நின்றார். முடிந்ததும் என் விரல்கள் தாளின் இரண்டு ஓரங்களையும் பிடித்திருப்பதை அவர் பார்த்தார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்," என்றார். "பெட்டியை எடுக்க வருகிறவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்." உண்மையாகவே தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிழிக்க வேண்டியது அவன். அவன் இல்லை. நான் கிழித்தால் அவனுக்காகச் செய்ததாகுமா, அல்லது அந்தத் துரைக்காகச் செய்ததாகுமா என்று அங்கே நின்று யோசித்தேன். தாள் போய்விட்டால், அது கொடுபடாமல் கிடந்ததற்கு என்ன சாட்சி?

பழைய மடிப்பிலேயே மடித்து மேடத்தின் கையில் கொடுத்தேன்.

"அட்டை?" என்று கேட்டேன்.

படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார். கணவன் இறந்ததைச் சொல்லி ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய கடிதம். தோட்டத்துத் துரை அதை அவனிடம் கொடுக்கவில்லை. கேட்டபோது இல்லை என்றார். கடிதத்தைத் தன் தாய்க்கு அனுப்பினார்.

"சரியா?" என்று கேட்டார்.

"சரி மேடம்," என்றேன்.