பீலிக்கு மேலே ஒரு மாட்டுப்பட்டி

எழுபதுகளின் நடுப்பகுதியில் பதுளையில் சுகாதாரப் பிரசார வேலையில் இருந்தேன். மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் அழுக்கு குடிதண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்ல வேண்டும். படம் வரைந்த அட்டைகள், தண்ணீர் பிடிக்கும் போத்தல்கள், ஒரு டின் ப்ளீச்சிங் பவுடர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

நமுனுகுல பக்கத்தில் ஒரு தோட்டம். மழை பெய்தால் போதும், மறுநாள் அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் குடித்தது பீலித் தண்ணீர். மலை ஊற்றை ஒரு தொட்டியில் தேக்கி, அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே பீலிக்கு விட்டிருந்தார்கள். தொட்டிக்கு மூடி கிடையாது.

முதல்நாள் பீலியில் போத்தலைப் பிடித்தபோதே ஒரு பெண் கேட்டாள்.

"எதுக்கு மிஸ்ஸி எங்க தண்ணிய எடுத்துட்டுப் போறீங்க?"

"சோதிச்சுப் பார்க்க."

"தண்ணியவா, எங்களையா?"

போத்தலில் லயத்தின் நம்பரை எழுதப் போனேன். சுற்றி நின்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகரத் தொடங்கினார்கள். வெளியாள் யார் எதை எழுதினாலும், ஒப்பந்தப்படி தங்களை இந்தியாவுக்கு அனுப்பப் பெயர்ப்பட்டியல் எடுக்கிறார்கள் என்று பயந்த காலம் அது. பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆயா இருந்தார். பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை போனபோது தண்ணீரில் அந்த வாடையே இல்லை. டின் நான் கொடுத்தபடியே குறையாமல் இருந்தது. ஆயா கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. அதக் குடிச்சா பிள்ளை தங்காதாம். அதுக்குத்தான் கவுருமெண்டு குடுத்து அனுப்புதுன்னு பேசிக்கிறாங்க."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"முதல்ல யார் சொன்னது?"

அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கப் போன ஆயா திரும்பி வரவில்லை.

அன்று மாலை பெண்கள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும், பவுடர் கலந்த தண்ணீரை அவர்கள் முன்னாலேயே குடித்துக் காட்டினேன். "உங்களுக்கென்னங்க, நீங்க கல்யாணம் கட்டாதவங்க," என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்ற நெட்டையான பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்:

"மிஸ்ஸி கணக்கப்பிள்ளை வீட்டுலதானே டீ குடிக்கிறீங்க?"

உண்மைதான். கணக்கப்பிள்ளை மலையில் ஆட்களை வேலை வாங்குபவர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு, பாதி நாள் சம்பளத்தை வெட்டுவதும் அவர்தான். நான் போகும்போதெல்லாம் அவருடைய மனைவி பசும்பாலில் டீ ஊற்றிக் கொடுப்பார். அதை நான் வெறும் உபசாரமாகத்தான் எடுத்திருந்தேன். அவள் கேட்ட பிறகுதான், அந்தப் பக்கம் மாடு எதையும் நான் கண்டதில்லை என்பது உறைத்தது; அந்தப் பால் எந்த மாட்டுடையது, அந்த மாடு எங்கே கட்டியிருக்கிறது என்றெல்லாம் யோசிக்கத் தொடங்கினேன். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டபோதும் "மேல எங்கேயோ" என்றார்கள்.

அடுத்த தடவை டீ வேண்டாம் என்றேன். கணக்கப்பிள்ளை வாசல்வரை வந்தார்.

"மிஸ்ஸிக்கு நம்ம மேல ஏதும் மனத்தாங்கலா?"

"ஒண்ணுமில்லைங்க. வயிறு சரியில்ல."

"பாத்துப் போங்க. அந்தப் பவுடரப் பத்தி சனங்க கன்னாபின்னான்னு பேசுதுங்க. உங்களுக்கு ஏன் வீண் பொல்லாப்பு?"

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சைப் பற்றி நான் அவரிடம் வாய் திறந்ததே இல்லை. ஆயா சொல்லியிருப்பாரா? அல்லது பேச்சு இவரிடமிருந்தே கிளம்பியதா? பஸ்ஸில் ஹாலிஎல தாண்டும்வரை அதே யோசனைதான். நான் சோதனைக்கு அனுப்பிய போத்தல்களின் முடிவு வரத் தாமதமானதற்குக்கூட ஏதோ காரணம் இருக்கும் என்று தோன்றியது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் இடியோடு கொட்டியதில் மலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் சுற்றும் படங்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அட்டைகளைக் காட்டிப் பேசிப் பயனில்லை என்று எனக்கு விளங்கியிருந்தது.

"மழை விடுறதுக்குள்ள தொட்டி வரைக்கும் என்கூட வாறீங்களா? தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு நீங்களே பாருங்க," என்றேன்.

யாரும் அசையவில்லை. பிறகு அந்த நெட்டைப் பெண் படங்கை இறுக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

தொட்டிக்கு மேலே ஒரு திருப்பத்தில், மானாப்புல்லுக்குப் பின்னால், தகரம் போட்ட மாட்டுப்பட்டி இருந்தது. பட்டிக்குள்ளிருந்து சாணியும் மூத்திரமும் மழையோடு சேர்ந்து, பச்சையும் கறுப்புமாக ஓடி, நேரே திறந்த தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பட்டி அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மழை நேரத்தில் யாரும் மேலே வந்து பார்த்ததில்லை. ஒருத்தி வாந்தியெடுத்தாள்.

"யாரோட மாடு?" என்று கேட்டேன்.

 ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இங்கே நிற்பவர்களில் யார் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று அவர்கள் எண்ணியது எனக்குப் புரிந்தது. அந்தக் கணக்கில் நானும் இருந்தேன்.

"யாரோடதா இருந்தா என்ன?" என்றாள் நெட்டைப் பெண். "தொட்டிய சுத்தி ஒரு கான் வெட்டினா, அழுக்குத்தண்ணி அந்தப் பக்கம் போயிருமில்ல?"

"போயிரும். தொட்டிக்கு மூடியும் போடணும்."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புருஷனும் இன்னும் சில ஆண்களும் மண்வெட்டியோடு போய்க் கான் வெட்டினார்கள். பழைய தகரத்தால் தொட்டியை மூடினார்கள். கணக்கப்பிள்ளை வந்து பார்த்து, "நல்ல வேலை," என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த வாரமே நெட்டைப் பெண்ணுக்கு அரைப்பேர் விழுந்தது. கொழுந்தில் முற்றல் அதிகமாம். தோட்ட நிர்வாகியான தொரையிடம் பேசுகிறேன் என்று கிளம்பிய என்னை அவள் தடுத்தாள்.

"வேணாம் மிஸ்ஸி. நீங்க பேசிட்டு பஸ் ஏறிருவீங்க. நாங்கதான் இங்க கெடக்கணும். கான மட்டும் மூட விடமாட்டோம்."

நான் தொரையிடம் போகவில்லை. கானையும் அவர்கள் மூட விடவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பிள்ளைக்காம்பராவில் வயிற்றோட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டதாக ஆயா சொன்னார். பவுடரை மட்டும் கடைசிவரை யாரும் தொடவில்லை. அந்தப் பேச்சை யார் கிளப்பியது என்றும் தெரியவில்லை. மறு வருடம் என்னைப் பெரகல பக்கத்துத் தோட்டங்களுக்கு மாற்றினார்கள். அங்கே போன முதல் நாள், யாரிடமும் எதையும் பேசுவதற்கு முன், மழைக்குள்ளேயே பீலிக்குத் தண்ணீர் வரும் வழியைத் தேடி மேலே ஏறினேன்.